மூன்று பேரிடமும் நம்பர் இருக்கிறது, யாரை நம்புவது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 60. 2003-க்கு முன்பே பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் உண்டு, மாதம் சுமார் 47,000 ரூபாய் வருகிறது. கணவருக்கு 63, ஒரு மில்லில் கணக்கராக இருந்தவர், அவருக்கு ஓய்வூதியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சொந்த வீடு, கடன் கிடையாது, மாதச் செலவு 30,000-க்குள். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், அவன் கல்யாணத்துக்கு எட்டு லட்சம் எடுத்து வைக்க வேண்டும். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் எல்லாம் சேர்ந்து 54 லட்சம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த மறுவாரமே, வங்கியிலிருந்து ரிலேஷன்ஷிப் மேனேஜர் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "டெபாசிட் மாதிரிதான் மேடம், ஆனா வட்டிக்கு வரி கிடையாது" என்று அவர் சொன்னதை நம்பி 10 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்து உறவுக்காரப் பையனின் நண்பர், மியூச்சுவல் ஃபண்டு செய்து தருபவர், கார்டில் 'வெல்த் அட்வைசர்' என்று இருக்கிறது. பாக்கிப் பணத்தில் 40 லட்சத்தை ஃபண்டில் போட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம், தனக்கு ஒரு பைசா தர வேண்டாம் என்கிறார். மூன்றாவது ஆள் மகன் ஆன்லைனில் கண்டுபிடித்தவர், 'செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பதிவு பெற்றவர்', ஆண்டுக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்கிறார். இதற்கு நடுவில், கூட வேலை பார்த்த ஒரு ஆசிரியை மாதம் ரெண்டு வட்டி தரும் ஒரு நிறுவனத்தில் பத்து லட்சம் போட்டிருக்கிறாராம், இவரையும் கூப்பிடுகிறாராம்.

அவருடைய கேள்வி இதுதான்: "இலவசமாகச் செய்து தர இரண்டு பேர் இருக்கும்போது முப்பதாயிரம் கொடுத்து ஒருவரிடம் போவது முட்டாள்தனம் இல்லையா? மூன்று பேரிடமும் பதிவு எண் இருக்கிறது, மூன்று பேரும் அரசு அங்கீகாரம் பெற்றவர்கள்தானே? நல்ல ஃபைனான்ஷியல் பிளானர் இவர்களில் யார் என்று சொல்லுங்கள். அவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறேன்."

முதலில் அந்த பாலிசி

டீச்சர், பிளானர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "பாலிசி புத்தகம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது, பையன் வந்ததும் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்" என்று. அதைப் படித்த அன்றே உங்களுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இங்கே மறுபடி எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

ஆயுள் காப்பீட்டு பாலிசி எதுவாக இருந்தாலும், ஆவணம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரீ லுக் காலம் என்பார்கள். முன்பு பொதுவாக 15 நாள்தான் இருந்தது, 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 30 நாளாக்கியது. பாதுகாப்பு இருந்த அந்தச் சில நாட்களுக்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, முத்திரைக் கட்டணம், இவ்வளவைத்தான் பிடித்துக்கொள்வார்கள், மீதி முழுவதும் திரும்ப வரும். பாலிசி மின்னஞ்சலில் வந்திருந்தால் அது வந்த நாளிலிருந்தே கணக்கு ஓடும், புத்தகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்தேன். ஆண்டு பிரீமியம் 10,00,000. பிரீமியம் செலுத்தும் காலம் 5 ஆண்டு. அதாவது நீங்கள் ஒரு தடவை போடும் டெபாசிட் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது, வருடா வருடம் பத்து லட்சம் வீதம் ஐம்பது லட்சம் கட்டுவதாக ஒப்புக்கொண்ட காகிதம். உங்களிடம் மொத்தமே இருப்பது 54. காப்பீடு யார் உயிருக்கு என்று பார்த்தீர்களா? உங்களுக்கு இல்லை, உங்கள் மகனுக்கு. அறுபது வயதுக்காரர்களிடம் இப்படிப் பிள்ளை பெயரில் எழுதி விற்பது புதிதில்லை, வயதானவர் உயிருக்குக் காப்பீடு என்றால் செலவு கூடும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது, பிள்ளை பெயரில் என்றால் சுலபமாக முடிந்துவிடும். அடுத்த வருடம் உங்களால் கட்ட முடியாமல் போனால், போட்ட பத்து லட்சத்தில் ஒரு பகுதிதான் சரண்டர் மதிப்பாக, அதாவது பாதியில் நிறுத்தினால் தரும் தொகையாகத் திரும்பும்.

வட்டிக்கு வரி இல்லை என்று சொன்னதும் சரியில்லை. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய, யூலிப் (சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீடு) அல்லாத பாலிசிகளில் ஆண்டு பிரீமியம் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வில் வரும் ஆதாயத்துக்கு வரி உண்டு. உங்களுடையது அதைப் போல் இரண்டு மடங்கு. அப்புறம், உங்கள் வருமானத்துக்கு வரியே வராத நிலையில் வரிச் சலுகையைக் காட்டி உங்களிடம் எதையும் விற்கவே தேவையில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பிரபோசர், அதாவது பாலிசிக்கு விண்ணப்பித்தவர் நீங்கள் என்பதால் ரத்து கேட்க வேண்டியதும் நீங்களே. பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, ஒருமுறை செலுத்துவது என்று சொல்லப்பட்டது, ஆவணத்தில் ஐந்து ஆண்டு என்று இருக்கிறது, ஃப்ரீ லுக் விதிப்படி ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவும் என்று நாலு வரி. அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், பக்கத்திலுள்ள அவர்களுடைய கிளையில் ஒரு பிரதி கொடுத்துத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வங்கியில் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மேனேஜர் தம்பி நிச்சயம் போன் செய்வார், "இப்ப எடுத்தா நஷ்டம் மேடம், ஒரு மாசம் பொறுங்க" என்பார். பொறுத்தால் கெடு முடிந்துவிடும். சரிபார்ப்பு அழைப்பு வந்தபோது எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டேனே என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த உரிமை போய்விடாது.

இதைப் படிக்கும் யாருக்காவது 30 நாள் கடந்துவிட்டிருந்தால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார், அப்புறம் ஆணையத்தின் பீமா பரோசா தளம் அல்லது 155255 என்ற எண், ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர். அவரிடம் போக வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் 'டெபாசிட் என்று சொல்லித்தான் விற்றார்கள்' என்பதை நிரூபிக்கும் வாட்ஸப் செய்தி, கையால் எழுதிக் கொடுத்த கணக்குச் சீட்டு மாதிரி எதையாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஃப்ரீ லுக்கில் அந்தத் தலைவலி இல்லை.

நம்பர் எதற்குக் கொடுத்தார்கள்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மூன்று பேருடைய எண்களையும் எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அதிலேயே பதில் இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர்கூட ஃபைனான்ஷியல் பிளானர் இல்லை.

வங்கி மேனேஜர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். வங்கி சில காப்பீட்டு நிறுவனங்களுக்கு முகவராக இருக்கிறது, அவர் தந்த எண் அந்தப் பாலிசிகளை விற்பதற்கானது, அவருக்கு மாதா மாதம் டார்கெட் உண்டு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பொன்னாடையும் உண்மையான மரியாதையாகவே இருக்கலாம், ஆனால் அவர் விற்பனையாளர், இரண்டு மூன்று வருடத்தில் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார், அப்போது உங்கள் பாலிசிக்குப் பதில் சொல்ல அந்த நாற்காலியில் வேறொரு தம்பி இருப்பார். அவர் சொன்ன ஒன்றைவிடச் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். அரசாங்கத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்தில் மட்டுமில்லை, பல வங்கிகளிலும் இருக்கிறது. அறுபது வயது முடிந்தவர் கையில் அரை கோடியைப் பார்க்கும் எவரும் முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாமவர் கொடுத்தது ஏஆர்என் எண். அது மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் என்பதற்கான பதிவு. என்ஐஎஸ்எம் என்ற நிறுவனம் நடத்தும் தேர்வு ஒன்று எழுதி, ஆம்ஃபி என்ற ஃபண்டு நிறுவனங்களின் சங்கத்தில் வாங்குவது. நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருக்கிறார்கள். தான் விற்கும் ஃபண்டைப் பற்றி விளக்கலாம், அதோடு சேர்ந்த அளவுக்கு யோசனையும் சொல்லலாம், அவ்வளவுதான். வெறும் ஏஆர்என் வைத்துக்கொண்டு வெல்த் அட்வைசர் என்று கார்டு அடித்துக்கொள்ளக் கூடாது என்று 2020-லேயே செபி விதி கொண்டுவந்துவிட்டது. பழைய கார்டையே கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

மூன்றாமவர் எண் ஐஎன்ஹெச் என்று ஆரம்பிக்கிறது. உங்கள் மகன் செபி தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார், பெயரும் அங்கே இருக்கிறது, அதுவரை சரி. ஆனால் ஐஎன்ஹெச் என்பது ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு. இன்ன பங்கை வாங்கு, இன்னதை விற்றுவிடு என்று பரிந்துரை எழுதுவது அவர் வேலை. டீச்சருக்குப் புரியும்படி சொன்னால் அவர் வினா வங்கி போடுகிறவர், சந்தா கட்டிய எல்லாருக்கும் அதே புத்தகம்தான் போகும், உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கணவருக்கு ஓய்வூதியம் இல்லை என்பதை அவர் கேட்டாரா?

நீங்கள் தேட வேண்டியது ஐஎன்ஏ என்று ஆரம்பிக்கும் எண்ணை. செபியின் 2013-ம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்த இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர். உங்கள் வரவு செலவு, வயது, பொறுப்புகள், நஷ்டத்தைத் தாங்கும் சக்தி எல்லாவற்றையும் எழுத்தில் பதிந்து, உங்களுக்குப் பொருந்துவதைச் சொல்ல வேண்டிய சட்டக் கடமை அவருக்கு இருக்கிறது, ஒப்பந்தம் போடாமல் கட்டணம் வாங்க முடியாது, அவர் ஆலோசனை சொல்லும் குடும்பத்துக்கு அவரோ அவர் வீட்டாரோ கமிஷனுக்கு எதையும் விற்கவும் கூடாது. இவர்கள் நாடு முழுக்கவே ஆயிரம் பேரை ஒட்டித்தான் இருப்பார்கள். ஈரோட்டில் ஒருவர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வீடியோ அழைப்பில் பேசிக்கொள்ளலாம். இன்னொன்று, பெயருக்குப் பின்னால் சிஎஃப்பி (சர்ட்டிஃபைடு ஃபைனான்ஷியல் பிளானர்) என்று போட்டிருந்தால் அது படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் அது மட்டுமே ஆலோசனை சொல்லிப் பணம் வாங்குவதற்கான உரிமம் ஆகாது.

நானும் ஐஎன்ஏ எண் வைத்துக் கட்டணம் வாங்கிப் பிழைப்பவன்தான். ஆகவே என் கூட்டத்தைப் பற்றி நான் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

இலவசம் எவ்வளவு?

ஃபண்டு செய்து தருபவர் "ஒரு பைசா வேண்டாம்" என்றது பொய் இல்லை, உங்கள் கையிலிருந்து வாங்க மாட்டார். ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டிலும் 2013 ஜனவரியிலிருந்து ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு வகை இருக்கிறது. ஃபண்டு ஒன்றுதான், மேலாளர் ஒருவர்தான், ரெகுலரில் விநியோகஸ்தர் கமிஷன் சேர்ந்திருக்கும். 2018 அக்டோபரிலிருந்து முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் தருவதைச் செபி நிறுத்திவிட்டது, இப்போது பணம் ஃபண்டில் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் டிரெயில் கமிஷன் போய்க்கொண்டிருக்கும். பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டுகளில் அது 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அவர் சொல்லும் 40 லட்சத்துக்கு வருடம் 32,000 ரூபாய். பில் வராது, தினமும் என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பைக் கணக்கிடும்போதே கழிந்துவிடும். அடுத்த வருடமும் அதேதான், பணம் வளர வளரத் தொகையும் வளரும். அவர் வாங்கும் கமிஷனை ரூபாயில் பார்க்க ஆசையாக இருந்தால், முதலீடு செய்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் அச்சடித்தே கொடுத்திருப்பார்கள்.

அதற்காக அவரிடம் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது இப்போது ஒரு ஃபேஷனாகிவிட்டது. வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பி, நாமினி போட்டு, நாளைக்கு யாராவது ஒருவர் போய்விட்டால் பணத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற நாலு தடவை அலைந்து தரும் நல்ல விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள், சந்தை சரியும்போது போனை எடுத்துப் பேசுகிறவர்கள், அந்த உழைப்புக்குக் கூலி உண்டுதானே. என் வருத்தம் வேறு. 40 லட்சம் ஃபண்டுக்குப் போனால்தான் அவருக்கு 32,000, உங்கள் பணத்தில் பெரும்பகுதி அஞ்சலகத்துக்குப் போனால் அவருக்கு ஒன்றும் இல்லை. அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம், எங்கே போடட்டும் என்று கேட்பது அவருக்கும் சங்கடம்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆலோசனை வேண்டும்?

மூன்று பேரும் உங்களிடம் மாத வருமானம் பற்றியே பேசியிருக்கிறார்கள், நீங்களும் கடிதம் முழுக்க அதையே எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், 47,000 வருகிறது, 30,000 செலவு. மாதம் 17,000 மிச்சம். உங்களுக்கு மாத வருமானம் ஒரு பிரச்சினையே இல்லை.

உங்கள் நிலைமையை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் நான் திட்டம் போட்டுத் தர முடியாது, ஆனால் தோராயமாக ஒரு கணக்குப் பார்க்கலாம். பாலிசிப் பணம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொண்டு, 54 லட்சத்தில் கல்யாணத்துக்கு 8 லட்சம், அது இரண்டு வருடத்தில் வேண்டியது என்பதால் எஃப்டியைத் தாண்டி எங்கேயும் போகக் கூடாது. திடீர்ச் செலவுக்கு 5 லட்சம். இரண்டையும் ஒரே வங்கியில் குவிக்காதீர்கள், டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், சேரும்போது இருக்கும் விகிதம் ஐந்து வருடத்துக்கு மாறாது. முழு 30 லட்சமும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், வருடத்துக்கு 2,46,000. நடுவில் எடுக்க வேண்டி வந்தால், ஒரு வருடம் ஆனபின் இரண்டு வருடத்துக்குள் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் பிடிப்பார்கள். முதல் வருடத்துக்குள் மூடினால் வட்டி கிடையாது.

ஓய்வூதியமும் இந்த வட்டியும் சேர்ந்து வருடம் எட்டு லட்சம் சொச்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்னும்போது உங்களுக்கு வரி பூஜ்யம். அதனால்தான் சொன்னேன், வரி மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கொஞ்சம் உஷாராகுங்கள்.

மிச்சம் இருப்பது 11 லட்சம். நீண்ட காலத்துக்கு வளரவிட வேண்டியது இது மட்டும்தான். இந்த 11 லட்சத்தை ரெகுலர் ஃபண்டில் போட்டால் டிரெயில் கமிஷன் அதே 0.8 சதவீதக் கணக்கில் வருடம் 8,800 ரூபாய்தான், ஆக வருடா வருடம் 30,000 கேட்கும் எந்த ஆலோசகரையும்விட அந்த விநியோகஸ்தரே உங்களுக்கு மலிவு! என் தொழிலுக்கு எதிராகவே பேசுகிறேன், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அப்படியானால் ஐஎன்ஏ ஆலோசகர் எதற்கு? ஒரே ஒரு தடவை, ஒரு முழுத் திட்டம் எழுதி வாங்குவதற்கு. உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை மூன்று பேரில் ஒருவரும் தொடவில்லை. நீங்கள் முதலில் போய்விட்டால் கணவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் ஒரு கட்டத்துக்குப் பிறகு இப்போது வருவதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். அவர் பெயரில் என்ன இருக்க வேண்டும், சேமிப்புத் திட்டத்தில் அவரை நாமினியாகப் போட வேண்டுமா, கூட்டுக் கணக்காகத் திறக்க வேண்டுமா, ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு மேல் தனியாக ஒன்று எடுக்க வேண்டுமா, வீட்டுக்கு உயில் எழுதியாயிற்றா, மகளுக்கு என்ன, மகனுக்கு என்ன. கணவர் பெயரிலும் 30 லட்சம் வரை தனியாகக் கணக்குத் திறக்கலாம், ஆனால் போடுவது உங்கள் பணம் என்றால் அந்த வட்டி வருமான வரியில் உங்கள் கணக்கில்தான் சேரும். இந்த மாதிரி விஷயங்களுக்கு உட்கார்ந்து யோசிக்க ஒருவர் வேண்டும், அதற்குக் கட்டணம் கொடுப்பது முட்டாள்தனம் இல்லை.

நான்காவது ஆளிடம் கேட்க வேண்டியவை

எண்ணைச் சரிபார்ப்பது. செபி தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, அதில் இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர் பிரிவில் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் போதாது, அடுத்தவர் எண்ணைத் தன் எண் என்று சொல்லி வாட்ஸப்பில் பணம் பறிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ நீங்களாகத் தொடர்பு கொண்டு, நேற்று என்னிடம் பேசியது நீங்கள்தானா என்று கேளுங்கள். கட்டணம் போகும் வங்கிக் கணக்கும் பதிவில் உள்ள அதே பெயரில் இருக்க வேண்டும்.

கட்டணம் எப்படி? செபி இரண்டு முறையை அனுமதிக்கிறது. நிலையான தொகை என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய், சொத்து மதிப்பில் சதவீதம் என்றால் அதிகபட்சம் 2.5. இவை உச்சவரம்பு, நியாய விலை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்குச் சதவீதம் வேண்டவே வேண்டாம், அஞ்சலகத்தில் தூங்கும் பணத்துக்கும் வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டி வரலாம். ஒருமுறை திட்டத்துக்கு எவ்வளவு, அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, ரொக்கமாக வாங்கவும் கூடாது.

உங்களுக்கு வேறு யாராவது பணம் தருகிறார்களா? இதை இப்படியே, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நேர்மையான ஆலோசகருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். கமிஷன், பரிந்துரைக் கட்டணம், காப்பீட்டு ஏஜென்சி எதுவும் இந்தக் குடும்பத்திடமிருந்து வராது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

பணம் யார் கையில்? நீங்கள் "எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலோசகர் உங்கள் பணத்தைத் தொடவே கூடாது. அவர் எழுதிக் கொடுப்பார், போடுவது எடுப்பது உங்கள் கணக்கிலிருந்து உங்கள் கையால். வெற்றுக் காசோலை, நெட் பேங்கிங் கடவுச்சொல், ஓடிபி, பவர் பத்திரம் எதுவும் யாருக்கும் தராதீர்கள். ஃபண்டில் போடும்போது பதிவாகும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று ஒருமுறை பாருங்கள், சௌகரியத்துக்காக ஏஜென்ட் தன் எண்ணையே போட்டுவிட்டுப் போன கணக்குகள் இருக்கின்றன, பிறகு எந்தச் செய்தியும் உங்களுக்கு வராது.

இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொன்னால், மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. வருமானத்துக்கு உத்தரவாதம் தரச் செபி அனுமதிப்பதில்லை.

அந்த ரெண்டு வட்டி

மாதம் ரெண்டு வட்டி என்றால் வருடம் 24 சதவீதம். உங்கள் தோழிக்கு இதுவரை மாதம் தவறாமல் வருகிறது என்கிறீர்கள், வரத்தான் செய்யும், புதிதாகச் சேருகிறவர் போடும் பணம் இருக்கும்வரை. 2012-ல் பெருந்துறை ஈமு கோழி மோசடியைப் பார்த்த மாவட்டத்துக்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முடிந்தால் தோழியையும் போட்ட அசலை எடுக்கச் சொல்லுங்கள், நிறுவனம் தள்ளிப்போட்டால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், டெபாசிட்தாரர்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் பணம் திரும்ப வருடக்கணக்கில் ஆகும்.

மகனைப் பற்றி

"எல்லாம் டைரக்டில் நாமே போட்டுக்கலாம், ஆலோசகர் எதுக்கு" என்று அவன் முதலில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லை, 11 லட்சத்துக்கு இரண்டு மூன்று ஃபண்டு போதும், அதை அவனாலேயே செய்து தர முடியும். ஆனால் சந்தை இருபது சதவீதம் சரிந்தால் பெங்களூரில் இருப்பவனுக்கு அது ஒரு எண், உங்களுக்குப் பல வருடச் சம்பளத்தில் சேர்த்த பணம், இருவருக்கும் ஒரே மாதிரி இருக்காது. திட்டத்தை ஆலோசகரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கணினியில் செய்கிற வேலையை மகனிடம் விடுவது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அவசரமே இல்லை. பணம் ஆறு மாதம் எஃப்டியில் இருந்தால் கெட்டுப்போகாது, பாலிசிக் கடிதம் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் இந்த மாதம் தேதி குறிக்க வேண்டாம்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். ஓய்வூதிய ஆணை, வங்கி அறிக்கை, பழைய எல்ஐசி பாலிசிகள், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஒரு மாதச் செலவுக் கணக்கு, இவ்வளவு போதும். அந்த முதல் உட்காரலில் அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் நல்லது. உங்கள் செலவுக் கணக்கைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு ஃபண்டின் பெயரைச் சொல்லிவிட்டார் என்றால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், பட்டியலில் அடுத்த பெயர் இருக்கிறது.